அடைக்கலப்பட்டணத்தின் எல்லை



சென்ற மாதத்தில் ஒரு புதன்கிழமை, மாலை ஜெபக்கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்துபோன பின்பு, நம் சபையைச் சேர்ந்த ஒரு தாயார் ஆலயத்தின் பக்கவாசலில் தனியே நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுடைய மகன் கஞ்சாப் பொட்டலத்துடன் காவல்துறையினரிடம் பிடிபட்டு அன்றைக்கு நான்கு நாட்களாகியிருந்தன. ஜாமீனுக்காகப் பரிந்து பேசும்படி கேட்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் சொன்னது வேறு. "ஐயா, ஆறு மாசம் உள்ளேயே கெடக்கட்டும்யா. எங்க கெடக்கான்னு தெரிஞ்சாலாவது நான் ராத்திரி கண்ண மூடுவேன்." மறுநாள் காலையில் தகப்பனார் குருமனைக்கு வந்தார். "எவ்வளவு செலவானாலும் பரவால்லய்யா, நல்ல வக்கீல் யாராவது இருந்தா சொல்லுங்க. நாலு பேருக்குத் தெரியுறதுக்கு முன்னாடி அவன் வீட்டுக்கு வந்துரணும்."

ஒரே பிள்ளை, ஒரே வீடு. தாய் தன் மகனுடைய உயிரைச் சிறையில் ஒப்படைத்துவிட விரும்பினாள். தகப்பன் அவனைச் சிறையிலிருந்து தப்புவிக்க விரும்பினார். இருவரும் அவனை நேசிக்கிறவர்களே. இருவருக்கும் என்னிடத்தில் பதில் இல்லை. ஜெபம் பண்ணி அனுப்பினேன். பதில் சொல்லத் தெரியாத வேளைகளில் ஊழியராகிய நாங்கள் செய்கிற காரியம் அது என்பதை நீங்களும் அறிவீர்கள்.

அவர்கள் இருவரும் சம்மதித்தே இதை எழுதுகிறேன். சபையில் பாதிப்பேருக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது, மீதிப்பேரும் சரியாகத் தெரிந்துகொள்ளட்டும் என்று அந்தத் தாயாரே சொன்னார்கள்.

அந்த வாரம் முழுவதும் எனக்கு நினைவில் வந்துகொண்டேயிருந்தது, பல வருஷங்களுக்கு முன் வாசிக்கத் தொடங்கி, பின்பு விடாமல் தேடித் தேடி வாசித்த ஒரு காரியம். அமெரிக்க தேசத்தின் தென்கோடியில், ஃபுளோரிடா மாநிலத்தில், மயாமி என்னும் கடற்கரைப் பட்டணம் உண்டு. 1980களின் நடுப்பகுதியில் அந்தப் பட்டணத்தைக் கொக்கெய்ன் பிடித்துக்கொண்டது. கொக்கெய்னைச் சிறு கட்டிகளாக்கி மலிவாக விற்ற கிராக் என்னும் சரக்கு ஏழைகளின் தெருக்களுக்குள் புகுந்தது. காவலர் பிடித்தார்கள், நீதிபதிகள் தண்டித்தார்கள், சிறைகள் நிரம்பி வழிந்தன. தண்டனை முடிந்து வெளியே போனவன் சில மாதங்களுக்குள் அதே குற்றத்துக்காக அதே கூண்டில் வந்து நின்றான். சுழற்கதவு என்றே அங்குள்ளவர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். உள்ளே போகிற வேகத்திலேயே வெளியே தள்ளும், வெளியே வந்த வேகத்திலேயே மீண்டும் உள்ளே இழுக்கும்.

1989-ஆம் ஆண்டு, மயாமி-டேட் வட்டாரத்தின் தலைமை நீதிபதி ஜெரால்டு வெதரிங்டன், நீதிபதி ஹெர்பர்ட் க்ளைன், அப்போது அவ்வட்டாரத்தின் அரசு வழக்குரைஞராயிருந்த ஜேனட் ரீனோ முதலியோர் கூடி ஒரு புது முயற்சியைத் தொடங்கினார்கள். போதைப் பழக்கத்தால் குற்றத்தில் விழுந்தவர்களுக்கென்று தனி நீதிமன்றம். ஸ்டான்லி கோல்ட்ஸ்டீன் அதன் முதல் நீதிபதி. வழக்கறிஞர் வழியாக அல்ல, குற்றஞ்சாட்டப்பட்டவனிடத்திலேயே நேருக்கு நேராக அவர் பேசுவார். அந்நாட்களில் காதில் ஊசி குத்தும் அக்குபங்சரைக்கூடச் சிகிச்சையின் ஒரு பகுதியாகக் கொடுத்தார்கள். அதைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் ஒன்றுமில்லை. ஆனால் பட்டணத்தார் எவ்வளவு நெருக்கப்பட்டிருந்தார்கள் என்பதை அது காட்டுகிறது. ஜேனட் ரீனோ 1993-ல் அந்த தேசத்தின் அட்டர்னி ஜெனரலானார். அடுத்த ஆண்டில் நிறைவேறிய குற்றத்தடுப்புச் சட்டம் இத்தகைய நீதிமன்றங்களுக்கு மத்திய அரசின் நிதியைத் திறந்துவிட்டது. இன்று அமெரிக்காவில் இவை மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை. கனடாவின் டொராண்டோவில் 1998-லும், ஆஸ்திரேலியாவில் சிட்னியை அடுத்த பாரமட்டாவில் 1999-லும், அயர்லாந்தின் டப்ளினில் 2001-லும் இதே வகை நீதிமன்றங்கள் எழும்பின.

அங்கே என்னதான் நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் நம்மில் பலர், குற்றவாளியை மன்னித்து வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு இது என்று நினைக்கக்கூடும். அப்படியல்ல. சாதாரண வழக்கில் நீதிபதி ஒருவனை இரண்டு மூன்று முறை பார்ப்பார், தீர்ப்பு எழுதுவார், மறந்துவிடுவார். இங்கே ஒருவன் சேர்ந்தால் குறைந்தது ஓராண்டு, பெரும்பாலும் ஒன்றரை ஆண்டு வரைக்கும் அந்த நீதிமன்றம் அவனை விடாது. தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவன் நீதிபதியின் முன் நிற்க வேண்டும். வாரத்தில் இரண்டு முறையாவது, எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்லாமலே, சிறுநீர்ப் பரிசோதனைக்கு அழைக்கப்படுவான். சிகிச்சைக்கும் ஆலோசனைக்கும் ஒழுங்காகப் போகவேண்டும். நன்னடத்தை அலுவலர் அவன் வீட்டுக்கு வந்து பார்ப்பார். சிகிச்சை படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு படியிலும் தேறினால் கட்டுப்பாடு சற்றுத் தளரும், தவறினால் இறுகும்.

அவன் வந்து நிற்பதற்கு முன்பாக ஒரு கூட்டம் நடக்கும். நீதிபதி, அரசு வழக்குரைஞர், அவனுக்காக வாதாடும் வழக்கறிஞர், சிகிச்சை அளிக்கிறவர், நன்னடத்தை அலுவலர் எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றி உட்காருவார்கள். இந்த வாரம் இவனுக்கு எப்படிப் போயிற்று? வேலை கிடைத்ததா? மனைவி திரும்பி வந்தாளா? பரிசோதனை முடிவு என்ன? குற்றம் சாட்டுகிறவரும் குற்றத்தை மறுக்கிறவரும் ஒருவன் பிழைப்பதற்காக ஒரே பக்கத்தில் உட்காரும் காட்சியைக் கற்பனை செய்துபாருங்கள். நம் சேகரக் கமிட்டியில்கூட இது எப்போதும் நடப்பதில்லை.

பிறகு விசாரணை. எல்லாரும் கேட்கும்படி, பெயர் சொல்லி அழைத்து, நீதிபதி அவனோடு பேசுவார். நன்றாக நடந்திருந்தால் பாராட்டு, சில இடங்களில் கைதட்டல், சிறிய பரிசு. தவறியிருந்தால் தண்டனை, ஆனால் படிப்படியாக: ஒரு கட்டுரை எழுதி வா, சமூகசேவை செய், இன்னும் அடிக்கடி வா, அதற்கும் அடங்காவிட்டால் சில நாட்கள் சிறை. சில நாட்கள்தான், மாதங்கள் அல்ல. தவறு நடந்த உடனே சிறிய தண்டனை நிச்சயமாக வருவது, என்றோ ஒருநாள் வரக்கூடிய பெரிய தண்டனையைவிட மனுஷனைத் திருத்தும் என்பது இதன் அடிப்படை.

இதில் என்னைப் பிடித்து நிறுத்திய நுணுக்கம் ஒன்று உண்டு. போதையை உட்கொண்டதற்கும் பொய் சொன்னதற்கும் இவர்கள் வேறு வேறு அளவு வைத்திருக்கிறார்கள். பல ஆண்டுகள் அடிமைப்பட்டிருந்தவன் முதல் மாதத்திலேயே முற்றிலும் விட்டுவிடுவான் என்று அவர்கள் எதிர்பார்ப்பதில்லை. அது நோயின் கூறு. ஆனால் சொன்ன நேரத்துக்கு வருவதும், உண்மை பேசுவதும் முதல் நாளிலேயே அவனால் முடிந்தவை. ஆகவே "நேற்று விழுந்துவிட்டேன்" என்று ஒத்துக்கொள்கிறவனுக்குச் சிகிச்சையைக் கூட்டுவார்கள். பரிசோதனைக்கு வராமல் ஒளிகிறவனையும், பிறனுடைய சிறுநீரைக் கொண்டுவருகிறவனையும் கடுமையாகத் தண்டிப்பார்கள். நாட்கள் செல்லச்செல்ல, போதையை உட்கொள்வதற்கும் கண்டிப்பு கூடும். நாமோ இதற்கு நேர்மாறாகச் செய்கிறோம். பாவத்தை அறிக்கையிட்டவனைச் சங்கத்திலிருந்து நீக்குகிறோம். மறைக்கத் தெரிந்தவனைக் காணிக்கை எடுக்க அனுப்புகிறோம். எங்கே, யார் என்று கேட்காதீர்கள். முப்பது வருஷ ஊழியத்தில் பார்த்ததைச் சொல்கிறேன்.

இந்த நீதிமன்றங்களை ஆராய்ந்தவர்கள் கண்ட இன்னொரு காரியம்: நீதிபதி ஒவ்வொருவரோடும் சராசரியாகக் குறைந்தது மூன்று நிமிடமாவது பேசும் இடங்களில் பலன் வெகுவாகக் கூடுகிறது. மூன்று நிமிடம்! 2011-ல் வெளியான பெரிய ஆய்வொன்று 23 நீதிமன்றங்களைப் பின்தொடர்ந்து பார்த்தது. சேர்ந்தவர்கள் திருந்துவதற்குக் காரணமானவற்றுள் முதன்மையாக அது கண்டது, நீதிபதி தன்னை நியாயமாகவும் மரியாதையாகவும் நடத்துகிறார் என்று அவர்கள் உணர்ந்ததையே. சிகிச்சையும் வேண்டும், பரிசோதனையும் வேண்டும். ஆனால் அதிகாரமுள்ள ஒருவர் தன் பெயரை அறிந்திருக்கிறார், சென்ற முறை சொன்னதை நினைவில் வைத்திருக்கிறார், அடுத்த முறை கேட்பார் என்கிற உணர்வு ஒரு மனுஷனைத் தாங்கிப்பிடிக்கிறது.

இதை வாசித்தபோது என் மனம் என்னைக் குற்றப்படுத்தியது. ஏறத்தாழப் பதினைந்து வருஷங்களுக்கு முன், வேறொரு சேகரத்தில் ஊழியம் செய்தபோது, ஒரு வாலிபனுக்கு நற்சான்றுக் கடிதம் எழுதிக்கொடுத்தேன். போதைக்காகத் திருடிப் பிடிபட்டவன். "ஆலய ஆராதனைக்கு ஒழுங்காக வருகிறவர், நல்ல குடும்பத்தைச் சேர்ந்தவர், இவரை நான் தனிப்பட்ட முறையில் அறிவேன்" என்று சபையின் முத்திரையைக் குத்தி எழுதினேன். கடைசி வாக்கியம் உண்மையல்ல. அவனைத் தனிப்பட்ட முறையில் நான் அறிந்திருக்கவில்லை. அவனுடைய தாத்தாவை அறிந்திருந்தேன். அவன் வெளியே வந்தான். கையெழுத்துப் போட்டதோடு என் கடன் தீர்ந்தது என்று இருந்துவிட்டேன். அதன்பின் அவனிடத்தில் மூன்று நிமிடம் நின்று பேசின ஞாபகம் எனக்கு இல்லை. இரண்டாம் வருஷம் அவனுடைய அடக்க ஆராதனையை நானே நடத்தினேன். அன்றைக்கு என்ன பிரசங்கித்தேன் என்பதும் ஞாபகம் இல்லை.

ஆகவே இந்த நீதிமன்றங்களைப் பற்றி நான் உற்சாகமாகப் பேசினால், அதில் என் சொந்தக் குறையும் கலந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதனாலேயே இவற்றின் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டியவனாயிருக்கிறேன்.

முதலாவது, பலன் உண்டு, ஆனால் அற்புதம் அல்ல. நான் சொன்ன 2011-ஆம் ஆண்டு ஆய்வில், ஒன்றரை ஆண்டுக்குப் பின் கேட்டபோது, கடந்த ஓராண்டில் போதை உட்கொண்டோம் என்று ஒத்துக்கொண்டவர்கள் இந்த நீதிமன்றங்களில் சேர்ந்தவர்களுள் நூற்றுக்கு 56 பேர். சேராதவர்களுள் 76 பேர். குற்றம் செய்தோம் என்றவர்கள் இங்கே 40 பேர், அங்கே 53 பேர். பல ஆய்வுகளைத் தொகுத்து 2012-ல் வெளியான மற்றொரு ஆராய்ச்சி, மீண்டும் குற்றத்தில் விழுகிறவர்களின் அளவு நூற்றுக்கு 50-லிருந்து 38 ஆகக் குறைகிறது என்று கணக்கிட்டது. பன்னிரண்டு பேர். "இவ்வளவுதானா?" என்று கேட்கிறவர்கள், அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவனைப் பெற்ற தாயைக் கேட்டுப்பார்க்கட்டும். ஆனாலும் 56 என்கிற எண்ணையும் மறக்கலாகாது. ஒரு கூட்டத்தில் கைதூக்கி ஜெபித்த மாத்திரத்தில் எல்லாம் முடிந்தது என்று சாட்சி சொல்லவைத்து, மறுவாரம் அவன் விழும்போது அவனைக் கள்ளச்சாட்சிக்காரனாக்குகிற பழக்கம் நமக்கு உண்டு. தெளிவு வருவதற்கு நாள் பிடிக்கும். விழுந்தெழும்புவதும் அந்த வழியின் பகுதியே.

இரண்டாவது, இது சில வேளைகளில் கண்ணியாகவும் மாறியிருக்கிறது. பல இடங்களில் ஒருவன் சேருவதற்கு முன் குற்றத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். தேறினால் வழக்குத் தள்ளுபடியாகும் அல்லது தண்டனை குறையும். தேறாவிட்டால், ஒத்துக்கொண்ட குற்றத்துக்கான முழுத் தண்டனையும் அவன் தலைமேல் விழும். இந்த நீதிமன்றத்துக்கே வராமல் சாதாரணமாக வழக்கை நடத்தியிருந்தால் அதைவிடக் குறைவாகப் பெற்றிருப்பான் என்கிற நிலைமையும் உண்டு. எளிதில் தேறக்கூடியவர்களைப் பொறுக்கியெடுத்துச் சேர்த்து வெற்றிக்கணக்குக் காட்டிய நீதிமன்றங்களும் உண்டு. கறுப்பின மக்கள் சேர்க்கப்படுவதும் தேறுவதும் பல இடங்களில் குறைவாயிருக்கிறது. மனித உரிமைக்கான மருத்துவர்கள் என்னும் அமைப்பு 2017-ல் வெளியிட்ட அறிக்கை, இவை நீதியையும் தரவில்லை, சிகிச்சையையும் தரவில்லை என்கிற அளவுக்குக் கடிந்துகொண்டது. அந்த அறிக்கையை நான் முழுமையாக ஏற்கவில்லை. ஆனால் நீதிபதி மருத்துவர் அல்ல என்று அவர்கள் சொல்வதை ஏற்கிறேன்.

இந்தக் காரியம் நம்மையும் தொடுகிறது. அபினி வகைப் போதைக்கு அடிமைப்பட்டவர்களுக்கு மெத்தடோன், புப்ரினார்ஃபின் என்னும் மருந்துகளை மருத்துவர்கள் கொடுக்கிறார்கள். அவை உயிரைக் காப்பவை. ஆனால் அமெரிக்காவில் பல நீதிபதிகள், "ஒரு போதையை விட்டு இன்னொரு போதையைப் பிடித்துக்கொள்வதா?" என்று சொல்லி மருந்தை நிறுத்தும்படி கட்டளையிட்டார்கள். நிறுத்தினவர்களில் சிலர் மீண்டும் ஹெராயினுக்குப் போய், தாங்கும் சக்தியை உடல் இழந்திருந்தபடியால் மாண்டார்கள். 2015 முதல், இப்படி மருந்தைத் தடுக்கும் நீதிமன்றத்துக்கு மத்திய அரசின் நிதி இல்லை என்று நிபந்தனை வந்தது. நம் சபைகளிலும் இதே பேச்சு உண்டு. விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. கேட்கிறவர்களில் பலர் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொண்டு ஆலயத்துக்கு வருகிறவர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், போதகர் சொல்ல மாட்டார் என்று நீங்கள் நினைக்கக்கூடிய காரியம். தெய்வத்தை முன்வைத்து நடத்தப்படும் சில குழுக்கூட்டங்களுக்கு ஒருவனை அரசாங்கம் கட்டாயப்படுத்தி அனுப்பலாமா என்கிற கேள்வி அமெரிக்காவில் எழுந்தது. கூடாது என்று 1990களில் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. அந்தத் தீர்ப்பு சரியானது. காவலன் தள்ளிக்கொண்டுவந்து ஆலயத்தில் உட்காரவைக்கும் ஆத்துமா எனக்கு வேண்டாம்.

இனி, என் மனதிலிருந்த தாய்தகப்பனின் கேள்விக்கு வருகிறேன். சிறையா, விடுதலையா? கண்டிப்பா, இரக்கமா? இவ்விரண்டில் ஒன்றைத்தான் தெரிந்துகொள்ள முடியும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, எண்ணாகமத்தின் முப்பத்தைந்தாம் அதிகாரத்திலுள்ள அடைக்கலப்பட்டணங்கள் புதிதாய்த் தெரிந்தன. இறையியல் கல்லூரியில் அவற்றைப் பரீட்சைக்காகப் படித்தோம். யோர்தானுக்கு மேற்கே கேதேஸ், சீகேம், எபிரோன், கிழக்கே பேசேர், ராமோத், கோலான் என்று ஆறு பெயர்களையும் மனப்பாடம் செய்தோம். அவற்றின் ஒழுங்கைக் கூர்ந்து பார்த்தோமில்லை.

கைப்பிசகாய் ஒருவனைக் கொன்றவன் அங்கே ஓடிப்போகலாம். ஆனால் அவன் பாட்டுக்கு உள்ளே நுழைந்துவிட முடியாது. பட்டணத்து வாசலில் நின்று, மூப்பருடைய செவிகள் கேட்கத் தன் காரியத்தைச் சொல்லவேண்டும். சபை விசாரிக்கும். அதன்பின் அவனுக்கு அங்கே இடம் கொடுக்கப்படும், ஜனங்களோடு வாசம்பண்ணுவான். பழிவாங்குகிறவன் அவனைத் தொடமுடியாது. அதே வேளையில் அவனும் எல்லையைக் கடக்கமுடியாது. கடந்தால் பாதுகாப்பு இல்லை. பிரதான ஆசாரியன் மரிக்கும்வரைக்கும் அந்த எல்லைக்குள் இருக்கவேண்டும். வருஷக்கணக்காகலாம். அது சிறையும் அல்ல, சுயாதீனமும் அல்ல. இரக்கத்துக்கு மதிலும் வாசலும் கட்டி, அதற்குள் ஒருவனைப் பிழைக்கவைத்த ஏற்பாடு. போதைக்கு அடிமையானவனும் கைப்பிசகாய்க் கொன்றவனும் ஒன்றல்ல என்பது உண்மை. முந்தினவனுக்குத் தன் கேட்டில் பங்கு உண்டு. ஆனாலும் அவனுக்கும் இதே வகையான இடம்தான் தேவைப்படுகிறது: உள்ளே பத்திரம், ஓரத்தில் எல்லை, வாசலில் அவனுடைய வாய்மொழியைக் கேட்கிற மூப்பர்.

யூத ரபீமார்களின் பாரம்பரியத்தில் இந்தப் பட்டணங்களைப் பற்றி அழகான குறிப்புகள் உண்டு. வழி பிரியும் இடங்களில் 'அடைக்கலம்' என்று எழுதிய பலகைகள் நாட்டப்பட்டிருந்தனவாம், ஓடிவருகிறவன் தடுமாறாதபடிக்கு. அங்கே ஒதுங்கியிருந்தவர்களுக்குப் பிரதான ஆசாரியரின் தாய்மார் ஆகாரமும் வஸ்திரமும் அனுப்புவார்களாம். தங்கள் பிள்ளை சீக்கிரம் சாகவேண்டுமென்று அவர்கள் ஜெபம் பண்ணிவிடக்கூடாது என்பதற்காக! இந்தக் குறும்பை வாசித்துச் சிரித்தேன். ஆயினும், தன் காரணத்துக்காக என்றாலும், யாரோ ஒருத்தி அவர்களுக்குச் சோறு அனுப்பியிருக்கிறாள்.

நம் தேசத்தில் இப்படிப்பட்ட தனி நீதிமன்ற ஏற்பாடு வேரூன்றவில்லை. ஆனால் வாசலே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். 1985-ஆம் ஆண்டின் போதைமருந்துத் தடுப்புச் சட்டத்திலேயே இரண்டு பிரிவுகள் உண்டு. பிரிவு 64ஏ: போதைக்கு அடிமையானவன் உட்கொண்ட குற்றத்துக்காகவோ, சட்டம் குறித்துள்ள சிறிய அளவைச் சார்ந்த குற்றத்துக்காகவோ வழக்கில் சிக்கியிருந்து, அரசு மருத்துவமனையிலோ அங்கீகரிக்கப்பட்ட நிலையத்திலோ தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால், அந்த வழக்கிலிருந்து அவனுக்குப் பாதுகாப்பு உண்டு. சிகிச்சையை முடிக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பு விலக்கப்படலாம். பிரிவு 39: குற்றம் நிரூபிக்கப்பட்ட பின்பும், அவனுடைய வயது, முன்னடத்தை, உடல்நிலை முதலியவற்றைப் பார்த்து, அவன் சம்மதித்தால், நீதிமன்றம் உடனே தண்டியாமல் பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு சிகிச்சைக்கு அனுப்பலாம். ஓராண்டுக்குள் சிகிச்சையின் பலனைப் பற்றிய அறிக்கையோடு அவன் நீதிமன்றத்துக்கு வரவேண்டும். விற்கிறவனுக்கும், பெரிய அளவில் வைத்திருக்கிறவனுக்கும் இவை பொருந்தா. அவனுக்காக வாதாட நானும் வரவில்லை.

சட்டம் வாசலைத் திறந்துவைத்திருக்கிறது. ஆனால் மயாமியிலும் டொராண்டோவிலும் செய்கிறதுபோல அடிக்கடி பெயர் சொல்லி அழைத்து, "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்கிறவர் இங்கே யார்? வழக்குக்கட்டுகளின் பாரத்தில் நம்முடைய நீதிபதிகளுக்கு அந்த மூன்று நிமிடம் கிடைப்பது கடினம். நமக்கு அப்படிப்பட்ட நெருக்கடி என்ன இருக்கிறது? எங்களைப் பொறுத்தமட்டில் அசனத்துக்கு அரிசி எத்தனை மூட்டை என்று தீர்மானிக்க மூன்று மணி நேரம் கூடியிருக்கிறோம்.

சேகரக் கமிட்டியில் மூத்தவர் ஒருவர் என்னைக் கேட்டார்: "ஐயா, இப்படிப்பட்ட பையன்களை வாலிபர் ஐக்கியத்துக்குள் விட்டால் மற்றப் பிள்ளைகளும் கெட்டுப்போக மாட்டார்களா?" அவர் கடின இருதயமுள்ளவர் அல்ல. அவருக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது, அதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. அதனால்தான் எல்லையைப் பற்றி இவ்வளவு சொன்னேன். இப்போதைக்கு அவன் வாலிபர் முகாமுக்கு வரமாட்டான். பணம் புழங்கும் பொறுப்பு எதுவும் அவனுக்குக் கொடுக்கப்படாது. ஞாயிறு ஆராதனைக்கும் புதன் ஜெபக்கூட்டத்துக்கும் வருவான். வராவிட்டால் அன்றைக்கே நான் அவன் வீட்டுக்குப் போவேன். இவற்றை அவனிடத்திலேயே சொல்லி, அவன் ஒத்துக்கொண்டான். விழுந்தால் மறைக்காமல் சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அதற்கு மட்டும் சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சொல்லுதேன் ஐயா" என்றான்.

அவன் இப்போது ஜாமீனில் வந்திருக்கிறான். தாய் கேட்டதுபோல ஆறு மாதம் உள்ளே இருக்கவில்லை. தகப்பன் கேட்டதுபோல நாலு பேருக்குத் தெரியாமலும் போகவில்லை. நான் சொன்ன 64ஏ பிரிவைக் காட்டி வழக்கறிஞர் மனு கொடுத்திருக்கிறார். நீதிமன்றம் என்ன சொல்லும் என்பது இதை எழுதும்வரை தெரியாது. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சிகிச்சை தொடங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமைதோறும் போகவேண்டும். இதுவரை மூன்று வாரம் தகப்பனார் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுக் கூடப் போனார். இனி விடுப்பு இல்லை. தாயார் பீடி சுற்றிக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டிய நாளும் அதே செவ்வாய்தான்.

காலை ஏழேகால் பேருந்து. ஓ.பி. சீட்டு எடுக்க வரிசை நீளமாயிருக்கும், மருத்துவரைப் பார்த்து மாத்திரை வாங்கி வெளியே வர மதியம் ஆகிவிடும். அவன் பேச விரும்பினால் பேசலாம், இல்லாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். வருகிற செவ்வாய்க்கு நான் போகிறேன். அதற்கடுத்த வாரங்களுக்குப் போகக்கூடியவர்கள் சனிக்கிழமைக்குள் குருமனைக்கு வந்து பெயர் கொடுங்கள்.